சரிதான் சார்

வாஷிங் மெஷினின் பின்மூடியைக் கழற்றி, அறுந்த பெல்ட்டை மெக்கானிக் வெளியே இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக்கார அம்மா கேட்டாள்.

"பாட்டுப் போட்டியில வர்ற பொண்ணோட அப்பாதானே நீங்க? இன்னைக்கு எட்டு மணிக்குத்தானே? ஃபைனலுக்கு மட்டும் வரட்டும், எங்க வீட்டு ஓட்டு மொத்தமும் அவளுக்குத்தான்."

"ரொம்ப சந்தோஷங்க மேடம்" என்றவர், தலையை மெஷினுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். மகள் போட்டியிலிருந்து வெளியேறி மூன்று வாரமாகிறது. அன்றைக்கு எடுத்த படம்தான் இன்றைக்கு டிவியில் வரப்போகிறது. அதுவரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் போகிற வீட்டிலெல்லாம் அசடு வழிந்துகொண்டு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, புது பெல்ட்டையும் தலைகீழாக மாட்டிவிட்டு மறுபடி கழற்றினார்.

மகள் தோற்றதுகூட அவருக்குப் பெரிதாக இல்லை. தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. தீர்ப்பு சொன்ன கையோடு, ஹெட்போன் மாட்டிய ஒரு பையன் அவரைப் பக்கத்து அறையில் விளக்குக்கு எதிரே உட்காரவைத்து, "நடுவர்கள் சொன்னதைப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க சார்?" என்று குழைவாகக் கேட்டான். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வீட்டுக் குளியலறையில் மண்டியிட்டு வேலை பார்ப்பவர் அவர். 'நீ தொட்டப்புறம்தான் மெஷினே கெட்டுப்போச்சு' என்று சொன்னால்கூட, 'இருக்கலாங்க' என்று சொல்லிப் பழகிய நாக்கு. அது அங்கேயும் தன் வேலையைக் காட்டிவிட்டது.

"அவங்க சொன்னா சரிதான் சார். பெரியவங்களுக்குத் தெரியாதா? எம்பொண்ணுக்குக் குரல் சுமார்தான். ஏதோ ஆசைக்குப் பாடுறா."

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு சிரித்தார். படுபாவி.

அன்றே பஸ்ஸில் திரும்பும்போது மகள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். "அவங்க காது அவிஞ்சு போச்சு பாப்பா. அந்த மேடையில உன்ன மாதிரி ஒருத்தியும் பாடல" என்றார்.

"நெஜமாவாப்பா?"

"நான் எப்ப உங்கிட்ட பொய் சொல்லியிருக்கேன்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மறுநாள் விடியற்காலையிலேயே பாட உட்கார்ந்துவிட்டாள். இன்றுவரை ஒரு நாள் விடவில்லை. பஸ்ஸில் சொன்னதுதான் உண்மை. அவருக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான் என்றாலும், அவர் காதுக்கு அவள் குரலுக்கு மிஞ்சி ஒன்றும் கிடையாது. ஆனால் உண்மையைச் சொன்னபோது கேமரா இல்லையே.

பேட்டியைப் போட வேண்டாம் என்று கெஞ்ச, அந்த ஹெட்போன் பையனுக்கு இரண்டு தடவை போன் போட்டுப் பார்த்தார். "எடிட்டிங்லதான் சார் முடிவு பண்ணுவாங்க, ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றான். கவலை அதற்கப்புறம்தான் அதிகமானது.

எட்டு மணிக்கு மாடிவீட்டு அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். மனைவி கதவோரம் சாய்ந்து நின்றாள். மகள் டிவிக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு, ரிமோட்டை மடியில் வைத்திருந்தாள். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரோடு வாசலுக்குப் போய் மீட்டர் பெட்டியைத் திறந்தார். ஃபியூஸைப் பிடுங்கினால் தீர்ந்தது. ஆனால் டிவியை அணைக்கலாம், நாளைக்குப் போன் போனாகச் சுற்றப்போவதை எதை வைத்து அணைப்பது? உள்ளே மகள், "ஐயோ, மேக்கப்பைப் பாரேன், பேய் மாதிரி இருக்கேன்" என்று சிரித்தாள். மூன்று வாரத்தில் அவர் கேட்ட முதல் சிரிப்பு. பெட்டியை மூடிவிட்டு உள்ளே வந்தார்.

அவள் பாடி முடித்தாள். நடுவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். "நாசமாப் போறவங்க! இந்தக் குரலையா வேணாங்குறானுங்க?" என்று மாடிவீட்டு அக்கா வயிறெரிந்தாள்.

"விடுங்கக்கா. அவங்களுக்குக் காது அவிஞ்சு போச்சு, எங்கப்பா அன்னைக்கே சொல்லிட்டாரு" என்றாள் மகள்.

விளம்பரம் வந்து போனது. பிறகு மெல்லிய இசையோடு ஒரு மஞ்சள் சுவர் தெரிந்தது. அதற்கு முன்னால், தலையைப் படிய வாரிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நீங்க! பேட்டியெல்லாம் குடுத்தீங்களா? சொல்லவே இல்ல!" மகள் துள்ளி நிமிர்ந்து, ரிமோட்டை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினாள். "உஷ், யாரும் பேசாதீங்க."

திரையின் அடியில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. அதற்கு மேலே இருந்தவர் எச்சில் விழுங்கிவிட்டு, பணிவாகச் சிரித்தார்.