மூடியிருக்கும்போது எவ்வளவு

வரிசையாக எழுதினால் எங்கே பிசகினேன் என்று தெரியுமோ என்னவோ. எழுதிப் பார்க்கிறேன்.

விழுப்புரத்தில் நான் போகும் மாலை வகுப்பில் கடைசி வேலை இதுதான்: இரண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டியில் வெளிக்கம்பெனி ஈசியூவைப் பொருத்தி ஓட்டிக் காட்ட வேண்டும். ஈசியூ என்பது இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று கணக்குப் போடும் பெட்டி. எனக்குக் கூட்டாக வந்தவன் கோகுலகிருஷ்ணன், திண்டிவனத்துக்காரன். அவன் தெருவில் இருக்கும் ஜெசிந்தா அக்காவின் பழைய வேனைப் பேசி முடித்துவிட்டு வந்தான்.

அக்கா ஒலக்கூர்ப் பக்கத்துப் பிள்ளைகளைத் திண்டிவனத்துப் பள்ளிக்கு ஏற்றிவருகிறவர். புயல் மழையில் வேனுக்குள் தண்ணீர் ஏறியதிலிருந்து பழைய பெட்டி மக்கர் செய்துகொண்டே இருந்து, முழுப் பரீட்சை சமயத்தில் அடியோடு போய்விட்டது. அந்த மாடலுக்குப் பெட்டி இப்போது கிடைப்பதில்லை. பள்ளி திறப்பது திங்கட்கிழமை. அன்று காலை வேன் போய் நிற்காவிட்டால் பிள்ளைகளைத் தான் ஏற்றிக்கொள்வதாகத் துரைக்கண்ணு என்ற இன்னொரு வேன்காரர் வீடு வீடாகச் சொல்லிவைத்திருக்கிறார். மாறிப்போன வீடு திரும்பி வராது என்றார் அக்கா. கோபமில்லாமல் சொன்னார். அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

பெட்டியை மாட்டியதும் வகுப்பு எடுக்கும் நெடுஞ்செழியன் சார் வந்து வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துச் சரி என்றார். திராட்டில் சென்சாரை மட்டும் நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் அதை எடுத்தோம் என்று காரணமும் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெடலை மிதித்தால் இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு தகடு திறக்கிறது. தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்வது அந்தச் சென்சார். வேனில் இருந்தது துருப்பிடித்திருந்தது.

விழுப்புரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் எந்த வண்டிக்கு என்று கேட்டார். வண்டி ஒரு கம்பெனி, பெட்டி வேறு கம்பெனி என்றேன்.

“வண்டி எதுன்னு சொன்னா எடுத்துக் குடுப்பேன். பெட்டிக்கு ஏத்த மாரி கேட்டா நான் இன்னாம்மா பண்றது? நீயே பாத்து எடுத்துக்க” என்று மூன்றைக் கண்ணாடி மேல் வைத்தார்.

மல்டிமீட்டரை எடுத்தேன். ஒன்று வெறும் ஸ்விட்ச். மூடியிருக்கிறது, முழுக்கத் திறந்திருக்கிறது என்ற இரண்டை மட்டும் சொல்லும். நடுவில் இருப்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதை ஒதுக்கினேன். மற்ற இரண்டும் மூன்று வயர் உள்ளவை, பார்க்க ஒரே மாதிரி. திருகிப் பார்த்தால் ஒன்றில் அளவு சீராக ஏறியது. மற்றதிலும் சீராகத்தான் ஏறியது, எதிர்ப்பக்கம் திருகினால். வேனின் தகடு எந்தப் பக்கம் திரும்பும் என்று போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். படத்தை முன்பக்கமிருந்து எடுத்தேனா பின்பக்கமிருந்தா என்று அங்கே நின்றபோது சந்தேகம் வந்துவிட்டது. கோகுலைக் கூப்பிட்டால், “ரெண்டையும் வாங்கினு வா, ஒண்ணுக்கு ஒண்ணு தொணையா இருக்கும்” என்றான். நான் ஒன்றைத்தான் வாங்கினேன்.

சனிக்கிழமை காலை திண்டிவனம் போய், அந்தத் தகடு இருக்கும் திராட்டிலைக் கழற்றினோம். கழற்றியதையெல்லாம் ஒரு பேப்பரில் வரிசையாக வைத்து, படம் எடுத்து, கரி நீக்கித் துடைத்து, அதே வரிசையில் திரும்ப மாட்டினேன். ஒன்றும் மிஞ்சக்கூடாது, ஒன்றும் குறையக்கூடாது என்பது என் பழக்கம். சென்சார் பொருந்தியது. திசையும் சரியாக இருந்தது. பெடலை விட்ட நிலையில் ஒருமுறை, முழுக்க மிதித்து ஒருமுறை லேப்டாப்பில் பட்டனை அழுத்தி, இது மூடியது, இது திறந்தது என்று பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தோம். வண்டி பிடித்துக்கொண்டது. அக்கா ஸ்டீயரிங்கைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

இன்ஜின் சூடானதும் நின்றுவிட்டது.

லேப்டாப்பில் பார்த்தால், மூடிய நிலைக்குக் காலையில் நாங்கள் பதிந்த அளவைவிடச் சென்சார் குறைவாகக் காட்டியது. அதற்குக் கீழே போனால் சென்சார் கெட்டுவிட்டது என்று பெட்டி முடிவு செய்துகொள்ளும்; பெட்ரோல் கணக்கு குழம்பி வண்டி நிற்கும். புதிதாகக் கற்றுக்கொடுத்தோம். ஓடியது. ஆற வைத்து மறுபடி எடுத்தபோது அளவு மேலே ஏறியிருந்தது. பெடலை யாரும் தொடவில்லை. மூடியிருக்கும் தகடு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு சொன்னால் எதை நம்புவது?

மட்டமான சென்சாரைப் பொறுக்கிவிட்டேன் என்று முடிவு செய்தேன். மதியம் பஸ் பிடித்து விழுப்புரம் வந்து, விட்டுவந்த மற்றதை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அது எதிர்ப்பக்கம் திரும்புவது என்பதால் இரண்டு வயரை மாற்றிப்போட்டு மாட்டினேன். சூடானதும் அதுவும் இறங்கியது. ஏறக்குறைய அதே அளவு.

இரண்டு சென்சாரும் ஒரே மாதிரி தப்பு செய்தால் தப்பு சென்சாரில் இல்லை. இப்போது எழுதும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு: இரண்டு முறையும் தவறாகத் தேர்ந்தெடுக்க என்னால் முடிந்திருக்கிறது. கோகுல் ஸ்விட்ச்சையே வாங்கியிருக்கலாம், அதற்குக் குழப்பமே தெரியாது என்றான். நான் சிரிக்கவில்லை. திருவாமாத்தூருக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் துரைக்கண்ணுவின் வேன் என்ன நிறமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். நல்ல புடவையிலேயே வேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்து ஒரு சைக்கிள் டியூப் துண்டை எடுத்து நீட்டினார். கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டியது.

“பழைய ரப்பரு நஞ்சி போயிருக்கும் பாப்பா. வருசா வருசம் ஸ்கூல் தொறக்க சொல்லோ புதுசு வச்சிருவேன். நீயே வச்சிடு.”

எந்த ரப்பர் என்று கேட்டேன்.

“அதான், தகடு வந்து முட்டுற அந்த ஸ்க்ரூவுக்கு அடியில. ரயில்வே கேட்டுல நிக்க சொல்லோ வண்டி ஆஃப் ஆவுதுன்னு ஸ்டாண்டுல எல்லாரும் வச்சிக்கினு ஓட்றதுதான். நேத்து நீதான தொடச்சி வச்ச? நான் பாத்துக்கினுதான இருந்தேன்.”

போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேப்பரில், ஸ்பிரிங்குக்கும் வாஷருக்கும் நடுவில், கறுப்பாகச் சின்னதாக அது இருந்தது. கம்பெனியே வைத்தது என்று நினைத்துத் துடைத்து, அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கிறேன். தகடு முழுக்க மூடாமல் தாங்கிக்கொண்டிருந்தது அந்த ரப்பர்தான். சூட்டில் இளகினால் தகடு கொஞ்சம் இறங்கும், ஆறினால் ஏறும். சென்சார்கள் இரண்டும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

ரப்பரை எடுத்துவிட்டு மறுபடி பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தோம். பெடலை விட்ட நிலையில் இன்ஜினுக்கு வேண்டிய சிறு காற்றைப் பெட்டியே தனி வால்வு வழியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைத்துக்கொண்டிருந்த அந்த வால்வையும் சனிக்கிழமையே சுத்தம் செய்திருந்தோம். இன்ஜின் சூடானது, அளவு அசையவில்லை. சார் வந்து ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்துச் சரி என்றார்.

அக்காவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ரப்பர் இல்லாமல் இந்த வண்டி நின்று அவர் பார்த்திருக்கிறார், ஓடிப் பார்த்ததில்லை.

“கேட்டுல நிக்காதுல்ல?”

நிற்காது என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியவில்லை அக்கா, காலையில் நானும் கூட வருகிறேன் என்றேன்.

இன்று காலை பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒலக்கூரில் முதல் வீட்டு வாசலில் பிள்ளைகளோடு ஒரு அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்து அக்காவிடம், புது கிளீனரா என்று கேட்டார். ஆமாம், படிச்ச கிளீனர் என்றார் அக்கா. அடுத்தடுத்த வீடுகளிலும் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். திரும்பும்போது கேட் மூடியிருந்தது. மற்ற வண்டிகளை ஒவ்வொன்றாக ஆஃப் பண்ணினார்கள். அக்கா வேண்டுமென்றே ஆஃப் பண்ணவில்லை. சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாததுபோல் போய்க்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா காதைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட் திறந்தது, நிற்காத வண்டியை அப்படியே கியரில் போட்டு எடுத்தார். 

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிய பிறகுதான் பார்த்தேன். டேஷ்போர்டில் மாதா படத்துக்குப் பின்னால் அந்தப் புது ரப்பர் துண்டு செருகியிருந்தது. அதை எடுத்து எறிந்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். என் பையில் முதலில் வாங்கிய சென்சார் இருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

இரண்டு சென்சாரில் பிறகு வாங்கியதை ஏன் எடுத்தோம் என்ற காரணத்தை நாளைக்குள் சாருக்கு எழுதித் தர வேண்டும். கடைசியாக வேனில் மாட்டியிருந்தது அதுதான் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.