மான் போகும் வழி

தம்பி மண்வெட்டிக் காம்பால் போட்ட முதல் அடியிலேயே, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவின் கணவனுக்கு முன்பல் இரண்டும் போயின. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோது அக்கா குறுக்கே பாய்ந்தாள். எல்லைக்கு நட்டிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கி, கூடப்பிறந்தவனின் முழங்கையைப் பார்த்து வீசினாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. ஆனாலும் கம்பியைக் கீழே போடவில்லை.

எல்லாம் மான்களால் வந்த வினை. மலைக்கும் ஏரிக்கும் அவை போய்வர வழிவிட வேண்டுமென்று வட்டாரம் முழுக்க வனத்துறையில் வரைபடம் போட்டிருந்தார்கள். பச்சைக் கோடு இவர்கள் இருவர் நிலத்திலும் விழுந்தது. கோட்டுக்குள் உழவும் கூடாது, வேலியும் கூடாது. வரைபடம் போட்ட மேடம் நல்ல மனுஷி. மேஜையில் உட்கார்ந்து இழுத்த கோட்டை நம்பாமல், மான் நடக்கிற இடத்திலேயே வழியை வைப்போம் என்று தடம் பார்க்க நேரில் வந்தாள்.

"எந்தப் பக்கமா வருது?"

"தம்பி நிலத்து வழியாத்தான் மேடம். எங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்காது," என்றாள் அக்கா, வாய் கூசாமல்.

அறுவடை முடிந்த அவளுடைய சோளக்கொல்லையில்தான் குளம்படிகள் பாதையாகவே கிடந்தன. முந்தின நாள் அதை உழுது அழித்தாயிற்று. உழுதது யார் என்கிறீர்கள்? தம்பியேதான். அக்கா கூப்பிட்டால் ஏன், எதற்கு என்று கேட்கத் தெரியாத பிள்ளை. டிராக்டரைக் கொண்டுவந்து உழுது கொடுத்துவிட்டுப் போனான். தன் எலுமிச்சைக் கன்றுகளுக்கு நடுவே கம்பி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

இப்போது அளக்க வந்த ஆட்கள் இரண்டு பேர் அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டியை ஊன்றியிருந்தார்கள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் மண்ணோடு சேர்ந்து வாயில் அப்பியிருந்தது.

"அந்தக் கொல்லையை உழுததே நான்தான் மேடம்," என்றான். "தடமெல்லாம் அங்கதான் இருந்துச்சு. நீயே சொல்லுக்கா."

மேடம் அக்கா பக்கம் திரும்பினாள். "உண்மையாம்மா? இப்ப சொன்னாக்கூடக் கோட்டை மாத்திடலாம்."

மாற்றினால் அவளுக்கு மிஞ்சுவது வீடும் கிணறும்தான். கணவன் வாயைப் பொத்திக்கொண்டு முனகினான். தம்பி தலையைத் தூக்கி அவளையே பார்த்தான். அந்த முகத்தில் கோபம் இல்லாததுதான் அவளைக் கொன்றது.

"பொய் சொல்றான் மேடம். சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான்."

தம்பி திமிறுவதை நிறுத்தினான். ஆட்கள் முட்டியை எடுத்தார்கள். அப்புறமும் அவன் எழுந்திருக்கவில்லை.