இரண்டாவது பிஸ்கட்

ஆஸ்பத்திரி வராந்தாவில், ஃபிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிய கையோடு அம்மா கிரேத்தா தகர டப்பாவைத் திறந்தாள். மார்லூஸ் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள். மூடி டப்பென்று விழுந்தது. காபிக்கு ஒரு பிஸ்கட்; நெதர்லாந்தின் அமர்ஸ்ஃபூர்ட்டில் எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம், ராணியே வந்தாலும் அதுதான். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த ஃபென்னாவின் மடியில் அதே டப்பாவை மூடியில்லாமல் வைத்தாள் அம்மா. ஃபென்னா இடக்கையால் ஒன்றை எடுத்தாள். இன்னொன்றையும் எடுத்தாள். ஜன்னலைப் பார்த்து யாருக்கோ மெல்லச் சிரித்தாள்.

முப்பது தாண்டிய வயதில் ஒரு பிஸ்கட்டுக்காக வயிறு எரிவது அசிங்கம் என்று மார்லூஸுக்குத் தெரியும். ஆனாலும் எரிந்தது.

மார்லூஸும் ஃபென்னாவும் ஒரே கரு பிளந்து பிறந்தவர்கள். ஒரே மூக்கு, ஒரே குரல். கை மட்டும் வேறு. மார்லூஸ் வலக்கை, ஃபென்னா இடக்கை. ஊர்ப் பேச்சு வாயில் வருவதற்கு முன்பே இருவருக்கும் தனியாக ஒரு பேச்சு இருந்தது, அது அம்மாவுக்குக்கூடப் புரியாது. பள்ளி முடிந்த கோடையில் ஃபென்னாவுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ஸ்கிட்ஸோஃப்ரினியா என்றார் டாக்டர். அம்மா அழுதாள். மார்லூஸுக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பொறாமை. அந்தப் பழைய பேச்சை ஃபென்னா இப்போது வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். ஃபென்னாவைக் குரல்கள் எடுத்துக்கொண்டன. அம்மாவை நோய் எடுத்துக்கொண்டது. மிச்சம் என்று மார்லூஸுக்கு எதுவும் இல்லை.

ஆய்வு செய்யும் மென்னோ அன்று காலையில் விளக்கியிருந்தான். பெரும்பாலான ஆட்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில்தான் அதிகம் குடியிருக்கும். இந்த நோய்க்காரர்கள் பலருக்கு வலப்பக்கமும் பரவிக் கிடக்கிறது. நோய் வராத இரட்டைக்கும் அப்படித்தானா என்று பார்க்கவேண்டும். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். ஃபென்னாவுக்கு வலிக்குமா?

மூளையைப் படமெடுக்கும் மிஷினில் மார்லூஸ் தன் முறையை முடித்துவிட்டிருந்தாள். அடுத்தது ஃபென்னா. உடை மாற்றும் அறைக்கு மார்லூஸ்தான் கூட்டிப்போனாள். கவுனைப் போட்டதுமே ஃபென்னா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் போமாட்டேன். அந்த மிஷின் காந்தம்டி. என் குரலுங்கள உள்ளயே இழுத்து வச்சுக்கும்."

"போனா போகட்டுமே. நிம்மதிதான?"

"அப்புறம் எனக்கு யாருடி இருக்கா?"

நான் இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தாள் மார்லூஸ். ஃபென்னா முந்திக்கொண்டாள். "நீ ஞாயித்துக்கிழம வர்ற, அதுவும் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே. அதுங்க தினம் வருதுங்க."

கதவுக்கு வெளியே செவிலி பெயரைக் கூப்பிட்டாள். ஃபென்னா திடீரென்று குறும்பாகச் சிரித்தாள், பத்து வயதுச் சிரிப்பு. பள்ளியில் நீச்சல் பரீட்சையை ஃபென்னாவுக்காக மார்லூஸ்தான் நீந்திக் கொடுத்தாள். அதேபோல இதையும் செய்யச் சொன்னாள் ஃபென்னா. ஃபென்னா கழற்றிப் போட்டிருந்த பச்சை ஸ்வெட்டரை மார்லூஸ் பார்த்தாள். அந்த ஸ்வெட்டருக்குள் இருந்தால் அம்மா எப்படிப் பார்ப்பாள்? தங்கைக்காக ஒத்துக்கொண்டேன் என்று பிறகு யாரிடமும் அவளால் சொல்ல முடியாது. கவுனை வாங்கிப் போட்டுக்கொண்டு, தன் உடையையும் மழைக்கோட்டையும் ஃபென்னாவிடம் கொடுத்தாள். சைக்கிள் நிறுத்தத்தில் போய்ச் சிகரெட் பிடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, பின்கதவு வழியாக நழுவினாள் ஃபென்னா.

செவிலி பிறந்த தேதியைக் கேட்டாள். அதில் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

மிஷின் கடகடத்தது. திரையில் ஒவ்வொரு பொருளாக வரும். அதற்குப் பொருத்தமான செயலை வாய் திறக்காமல் நினைக்கவேண்டும். ரொட்டி என்று வந்தது. காலையில், தன் முறையில், சாப்பிடு என்று நினைத்திருந்தாள். இப்போது 'கொடு' என்றுதான் வந்தது.

பச்சை ஸ்வெட்டரோடு, தலையைத் தொங்கப்போட்டு, காலை இழுத்து இழுத்து வராந்தாவுக்கு வந்தாள். அந்த நடை இத்தனை சுலபமாக வந்தது அவளுக்கே திகைப்பாக இருந்தது. அம்மா எழுந்து ஓடிவந்தாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். கன்னத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக்கொண்டாள். அந்தக் கைகள் இவ்வளவு சூடாக இருக்கும் என்று மார்லூஸுக்குத் தெரியாது.

"பயந்துட்டியாடா செல்லம்? முடிஞ்சிருச்சு. உக்காரு."

டப்பா மடிக்கு வந்தது, மூடியில்லாமல். அம்மா வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மார்லூஸ் எங்கயோ போயிட்டா. அவளுக்கென்ன, அவ தப்பிச்சுக்கிட்டா. ஒன்னு சொல்லட்டா? சில நாள் அவ மொகத்தப் பாக்கவே புடிக்கல. உன் மொகமும் இப்படித்தான நல்லா இருந்திருக்கணும்னு தோணும். அவ ஞாயித்துக்கிழம வந்துட்டுப் போனாலே எனக்கு வயிறு எரியும். பெத்தவ பேசுற பேச்சா இது? நீ யார்கிட்டயும் சொல்லாத."

மார்லூஸ் டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். ஏதாவது செய்தாகவேண்டும், இல்லையென்றால் அழுதுவிடுவாள். டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு பிஸ்கட் எடுத்தாள். தின்றாள். அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.

அம்மா பேச்சை நிறுத்தினாள். அவள் பார்வை மகளின் முகத்தில் இல்லை. பிஸ்கட்டைப் பிடித்திருந்த வலக்கையில் இருந்தது.

வராந்தாக் கோடியில் கதவு திறந்தது. மழையில் நனைந்த மார்லூஸின் கோட்டுக்குள் ஃபென்னா நின்றிருந்தாள், யாருடனோ முணுமுணுத்தபடி. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியில் கிடந்த டப்பா மூடியைத் தடவி எடுத்தாள். மகளின் கை இன்னும் டப்பாவுக்குள்தான் இருந்தது. அந்தக் கைக்கு மேலே, மூடாமலும் விலக்காமலும், மூடியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.