ஊதாத மலைக்குழல்

நிலாவெளி ஹோட்டல் மனேஜர் சோமசேகரத்தாருக்கு, நிவாரணம் கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பெரியவரின் மனதைக் குளிர்விக்க வேண்டியிருந்தது. பெரியவர் ஆல்ப்ஸ் மலை நாட்டுக்காரர். அவருடைய சின்ன வயதில் அங்கே ரீவியில் சனிக்கிழமைதோறும் மலைநாட்டுப் பாட்டும் ஆட்டமும் போகுமாம். அதன் பழைய வீடியோ கசற் ஒன்று மனேஜர் கையில் அகப்பட்டது. பச்சைப் புல், கொழுத்த மாடு, நிலத்தைத் தொடும் நீண்ட மலைக்குழல், தோல் காற்சட்டை போட்டுத் தங்கள் தொடையில் தாங்களே அறையும் ஆம்பிளைகள். குண்டு விழாத நாட்டில் அடியைக்கூடத் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது போலும்.

அதை அப்படியே மேடையேற்ற வேண்டும். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் பாக்கியரத்தினமும் கூட்டாளி அபூதாஹிரும் அகப்பட்டார்கள். போன கிழமை ஷெல் விழுந்து பாக்கியத்தின் கூரை போய்விட்டது. மாரிக்கு இன்னும் பத்து நாள்.

"ஆடினால் குசினிக் கூரையில கழட்டின பழைய தகரம் பன்னிரண்டு தருவன்," என்றார் மனேஜர்.

பாக்கியத்துக்குக் கிடைத்தது ஆளைவிட இரண்டு மடங்கு நீளமான குழல். தண்ணீர்க் குழாய்க்கு மண்ணிறப் பெயின்ற். வாய் வைக்கும் பக்கத்தைக் கட்டையால் அடைத்திருந்தது.

"எப்பிடி ஐயா ஊதுறது?"

"ஊதாதை. கன்னத்தை உப்பு, கசற் ஊதும். ரீவியிலயும் அவங்கள் அப்பிடித்தான் ஏய்ச்சவங்கள்."

"மனேஜர் உத்தியோகம் மாதிரி எண்டு சொல்லுங்கோ," என்றான் சாக்குத் தோலுக்குள் மாடாக நின்ற அபூதாஹிர்.

ஆட்டத்தன்று பின்னேரம் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏறிப் போனார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழலைக் கண்டதும் சோதனைச் சாவடி ஆமிக்காரன் மணல்மூட்டைக்குப் பின்னால் விழுந்து படுத்துத் துவக்கை நீட்டினான்.

"மொகக்த மேக? என்ன இது?"

"குழல், சேர். ஊதுறது."

"ஊது!"

பாக்கியம் ஊதினான். கண் பிதுங்கியதுதான் மிச்சம்.

"சத்தம் எங்க?"

"இது ஊதாத குழல், சேர்."

இதைவிட ஆபத்தான உண்மையை அந்தச் சாவடியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். துவக்கு நெஞ்சுக்கு வந்தது. பயத்தில் மாட்டுக்குள்ளிருந்து "ம்ம்மா!" என்று அபூதாஹிர் அலறினான். ஆமிக்காரன் சிரித்துவிட்டான். ஆட்களை விட்டான், குழலை விடவில்லை.

"குழல் இல்லையெண்டால் தகரமும் இல்லை," என்று திரைக்குப் பின்னால் பல்லைக் கடித்தார் மனேஜர்.

பாக்கியம் மேடையில் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை உப்பினான். கசற் ஊதியது. பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். இல்லாத குழல், போரில் தொலைந்த இசையாம்! கண்கலங்க மேடையேறிக் கைகொடுத்து, இதன் கருத்து என்னவென்று கேட்டார்.

"பன்னிரண்டு தகரம்," என்றான் பாக்கியம்.

மனேஜர் அதை இங்கிலீசில் நீளமாகச் சொன்னார். 'பீஸ்', 'பீஸ்' என்று வந்தது. அது சமாதானம் என்று நிவாரண மூட்டை சுமந்தவனுக்குத் தெரியாதா? அந்தப் பேச்சில் தகரம் வரவேயில்லை.

பாக்கியம் பெரியவரின் கையை விடவில்லை. அரிசி மூட்டையைத் தூக்கிப் பழகிய பிடி.

"என்னடா செய்யிறாய்? விடு!"

"தகரம் ஏறட்டும், ஐயா. அதுவரைக்கும் துரையோடை நிக்கிறன்."

இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதியென்று பெரியவர் சிரித்துச் சிரித்துக் குலுக்கினார். போகப்போகச் சிரிப்பு காய்ந்தது. மனேஜர் குசினிப் பக்கம் ஓடினார். தகரங்கள் லாண்ட்மாஸ்டரில் கடகடவென்று விழத் தொடங்கின. மாட்டு வேஷத்தோடேயே வாசலில் நின்று அபூதாஹிர் எண்ணினான்.

"பதினொண்டு... மச்சான், இன்னும் விடாதை!"