நாலாவது பிஸ்டன்

மூன்றாவது பிஸ்டனை உருவி எடுத்தபோதுகூடத் தம்பி மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தான். ஒன்றில் தப்பு நடந்தால் கவனக்குறைவு. இரண்டில் என்றால் அவசரம். மூன்றில் என்றால் அன்றைக்கு அண்ணனுக்குக் காய்ச்சலாகக்கூட இருந்திருக்கலாம். நாலாவதையும் எடுத்துத் துணியால் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அதிலும் நடு ரிங் தலைகீழாகத்தான் இருந்தது. அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

ரிங்கின் ஒரு பக்கத்தில் கடுகளவு புள்ளி இருக்கும். அது மேலே பார்க்க வேண்டும். கீழே பார்த்தால், ஆயிலை வழித்துக் கீழே தள்ள வேண்டிய ரிங் அதை மேலே ஏற்றிவிடும். வண்டி ஆயிலைக் குடித்துக் குடித்து நீலமாகப் புகை விடும். இந்தத் தொழிலில் கால் வைத்த முதல் மாதமே எவனுக்கும் தெரிந்துவிடுகிற சங்கதி. அந்தப் பட்டறையில் வேலைகள் பிரிந்தே கிடந்தன. ஹெட், வால்வு எல்லாம் தம்பி பாடு. ரிங் மாட்டுவது மட்டும் அண்ணன். தம்பிக்குத் தாடி நரைத்த பிறகும் ஒரு ரிங்கைக்கூட அவர் மாட்டவிட்டதில்லை. "உன் விரல் முரட்டு விரல்டா" என்பார்.

அன்று அண்ணன் காலையிலேயே லேத் பட்டறைக்குப் போயிருந்தார். அவர் கிளம்பிய பிறகு டாக்சிக்காரர் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அண்ணனோடு ஒரே பள்ளியில் படித்து, ஒரே வகுப்பில் ஃபெயிலானவர். இரண்டு மாதம் முன்புதான் இதே என்ஜினை இதே பட்டறையில் இறக்கி வேலை பார்த்தார்கள். அதிலிருந்துதான் இந்தப் புகை. சவாரிக்குக் கைகாட்டுகிறவர்கள் புகையைப் பார்த்ததும் கையை இறக்கிவிடுகிறார்களாம்.

"ரிங்கு மோசமாப்பா?" என்றார்.

தம்பி புள்ளியைக் காட்டினான். வண்டியோடு பாதி ஆயுளைக் கழித்த மனிதருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"நாலுமா?"

"நாலும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

போன மாதம் அண்ணி சொன்னாள், உங்க அண்ணன் சாவியைக் கையில வச்சுக்கிட்டே சாவி தேடுறார் என்று. வயசானா எல்லாருக்கும்தான் அண்ணி என்று தம்பி சிரித்தான். இப்போது பயமோ அழுகையோ வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல, அண்ணனுக்கு மறந்துபோகிறது, அண்ணனுக்கு மறந்துபோகிறது என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தான். வலிக்கவில்லை. அண்ணனிடம் சொன்னால் அவர் இனி ஸ்பேனரைத் தொடமாட்டார், ரோஷக்காரர். பட்டறை இல்லாத அண்ணனை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொல்லாமல் விட்டால் அடுத்த வண்டி இருக்கிறது. இன்றைக்குப் புகை, நாளைக்கு பிரேக்.

அண்ணன் வந்தார். "உன் வண்டியாய்யா? என்ன நோவு?" என்று சிநேகிதர் தோளில் தட்டிவிட்டு, குனிந்து ஒரு பிஸ்டனை எடுத்தார். நகத்தால் ரிங்கைத் தடவினார். அடுத்ததை எடுத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"எவன்டா மாட்டினவன்? நாலையும் கவுத்துப் போட்டிருக்கான்! கண்ணை எங்க வச்சுக்கிட்டு மாட்டினான்?"

டாக்சிக்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"வெளியில ஒருத்தன்கிட்ட விட்டேன்ப்பா. சீக்கிரம் தர்றேன்னான். என் புத்தி."

"ஏன், இந்தப் பட்டறை பூட்டியா கிடந்துச்சு? நான் செத்தா போயிட்டேன்? இத்தனை வருஷப் பழக்கம், வெக்கமா இல்ல உனக்கு?"

நிஜமான கோபம். கேட்கக் கேட்க டாக்சிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான்ப்பா. விடு" என்றார் கடைசியில். தம்பி பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணன் தரையில் துணியை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "புது ரிங்கு எங்கடா? எடு."

புது ரிங் டப்பா தம்பியின் கையில்தான் இருந்தது. கை நீளவில்லை. நானே மாட்டுறேண்ணே என்ற வார்த்தை வாய்வரை வந்து நின்றது. இந்த வண்டிதான் எதிரே உட்கார்ந்திருப்பவரின் சோறு.

"குடுப்பா" என்றார் டாக்சிக்காரர் மெதுவாக. "என் வண்டிதானே."

அண்ணன் அடி ரிங்கை மாட்டி முடித்து, நடு ரிங்குக்காகக் கையை நீட்டினார். தம்பி புள்ளி மேலே தெரியும்படி அவர் உள்ளங்கையில் வைத்தான். அண்ணன் அதைத் துடைத்தார். திருப்பித் துடைத்தார். அந்த எவனோ ஒருவனை இன்னும் திட்டிக்கொண்டே மறுபடி திருப்பினார். எத்தனை தடவை திரும்பியது என்ற கணக்கு தம்பிக்குத் தப்பிவிட்டது. விரல்கள் ரிங்கை மெல்ல விரித்து பிஸ்டனின் தலைக்கு மேல் கொண்டுபோயின. டாக்சிக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து, கைவிளக்கை எடுத்து, அந்த விரல்களுக்கு அருகே பிடித்துக்கொண்டு நின்றார்.