பித்தினியாவில் ஒரு விசாரணை

வரலாறு படித்தவன் நாடகம் எழுதக்கூடாது. கல்லூரியில் வருடக்கணக்கில் மாணவர்களைத் தூங்க வைத்த திறமையை நம்பி, எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு ‘பித்தினியா’ எழுதினேன். அது ரோமாபுரிக்காரர்கள் ஆண்ட மாகாணம். கிறிஸ்தவம் அங்கே ஊர் ஊராகப் பரவுகிறது. பிடித்து வந்தவர்களை ‘நீ கிறிஸ்தவனா?’ என்று ஆளுநர் மூன்று முறை கேட்கிறார். மூன்று முறையும் ஆம் என்றால் சாவு.

“அது வேதாரண்யம் தாண்டியா சார்?” என்றார் செல்லதுரை. அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், முருக பக்தர், எங்கள் ஆளுநர். எங்கள் ஊரில் சாமி பார்த்து வேடம் கொடுப்பதில்லை, குரல் பார்த்துத்தான்.

கதாநாயகி செம்மொழி, திருவிழாவன்று பவுடர் பூசிக்கொண்டே குண்டைப் போட்டாள்.

“சார், ‘ஆம், நான் கிறிஸ்தவள்’னு வருதுல்ல, அத எடுத்துடுங்க.”

“நாடகமே அதுதாம்மா.”

“அடுத்த வாரம் டீச்சர் வேலைக்கு சர்டிபிகேட் பாக்கறாங்க. அதுல நான் இந்து ஆதிதிராவிடர். ஞாயித்துக்கெழம எங்க இருப்பேன்னு ஒங்களுக்கே தெரியும்.”

தெரியும். கிறிஸ்தவள் என்று பதிவாகிவிட்டால் அந்த ஒதுக்கீடு போய்விடும், வேலையும் கூடவே போகும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கோயிலில் ஒரு மதம், தாலுகா ஆபீசில் ஒரு மதம்.

“நடிப்புதானேம்மா?”

“வீடியோ எடுக்கற அரவிந்தன் நெட்ல லைவ் போடறான். அந்த வரிய மட்டும் வெட்டி எவனாவது அனுப்பினா, கீழ நடிப்புன்னு எழுதியா வரும்? நாடகத்துல செத்தா எந்திரிச்சு வந்துடலாம் சார்.”

அரவிந்தனிடம் லைவை நிறுத்தச் சொன்னேன். துபாயில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் சோறுகூட ஆக்காமல் அதற்காக உட்கார்ந்திருக்கிறார்களாம். ஃபாதரிடம் போனேன். “வசனம் உங்க டிபார்ட்மென்ட்” என்றார். கடைசியில் செல்லதுரையைப் பிடித்தேன்.

“கேள்வி வேணாங்க. ராஜா படத்துக்குச் சாம்பிராணி போடச் சொல்லுங்க. போடமாட்டா. தண்டனைய குடுத்துடுங்க.”

நன்றாகத் தலையாட்டினார். மேடையேறியதும் மனப்பாடம் முந்திக்கொண்டது.

“பெண்ணே, நீ கிறிஸ்தவளா?”

செம்மொழி வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்டார். மூன்றாம் முறை கேட்டுவிட்டுத் திரைப்பக்கம் திரும்பினார்.

“சார், பதில் சொல்ல மாட்டேங்குதே.”

மைக் ஆனில் இருந்தது. ஊரே சிரித்தது. நான் திரையைக் கடித்துக்கொண்டேன். ஆளுநர் கொஞ்சம் யோசித்தார், பிறகு என்னைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்னார்.

“வாக்குமூலம் இல்ல. அந்தப் புள்ளய விட்டுடுங்கய்யா.”

கைதட்டல். விசுவாசத்துக்காகச் சாகவேண்டிய என் வேதசாட்சி விடுதலை. நாடகம் நாசமாய்ப் போகட்டும், இவள் வேலையாவது பிழைத்ததே என்று உள்ளே வரச்சொல்லிக் கையாட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மேடையின் அந்தப் பக்கம், ஏற்கெனவே தண்டனை பெற்றவர்கள் கயிற்றில் கட்டுண்டு நின்றார்கள். அங்கே போனாள். தொங்கிய நுனியை எடுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அவர்களோடு நின்றாள்.

“ஏம்மா, ஒன்னத்தான் விட்டாச்சேம்மா” என்றார் செல்லதுரை.

அவள் அசையவில்லை. சிரித்த கூட்டம் அடங்கிவிட்டது. செல்லதுரை இடுப்பிலிருந்த ஆளுநர் வாளைக் கழற்றித் தரையில் வைத்தார்.

“என்னால முடியல சார். வேணும்னா தண்டனைய நீங்களே வந்து சொல்லுங்க.”

எழுதியவன் தலையெழுத்து. கைலியோடு மேடையேறி மரணதண்டனையை நானே வாசித்தேன்.