காலி அறையில் புளிப்பு

அந்த நூலகத்தின் வேதியியலாளருக்கு மூக்குதான் முதல் கருவி. "உன் மூக்குக்குத் தனியா சம்பளம் போடணும்" என்று அவளைச் சீண்டுகிற இயக்குநர் வேறு யாருமில்லை, அவள் அக்காவின் கணவர். வீட்டில் அத்தான், அலுவலகத்தில் சார். கோபம் வந்தால் இரண்டும் கலந்துவிடும்.

பழைய புத்தகத்தை முகர்ந்து கண்ணை மூடிச் சொக்குகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். மணம் என்ன சும்மாவா வருகிறது? மரக்கூழ்த் தாளில் நார்களைப் பிடித்துவைத்திருக்கிற லிக்னின் சிதைந்தால் வெனிலா மணக்கும். நாரே உடையத் தொடங்கினால் பாதாம் வாடை. கூடவே கொஞ்சம் வினிகர் புளிப்பு. தாள் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது, அதற்குத்தான் இவர்கள் சொக்குகிறார்கள். புளிப்பு அளவுக்கு மீறினால் அவள் உஷாராகிவிடுவாள்.

வடக்கு அறையில் புளிப்பு மீறித்தான் இருந்தது. காற்றில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும் கண்ணாடிக் குழாய் ஒன்றை அங்கே தொங்கவிட்டுச் சோதித்தாள். அளவு எகிறிக் கிடந்தது. இந்தத் தாள்கள் தேறாது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அத்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எல்லாத்துக்கும் ஃபிலிம் பிரதி இருக்கே, அப்புறம் எதுக்கு இந்தக் குப்பை?" என்று, கூழாக்க எடுத்துப்போகும்படி காகித ஆலைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். பக்கங்களைப் படமெடுத்து ஃபிலிம் சுருளில் பிரதி வைக்கும் திட்டம் அவருடைய செல்லப்பிள்ளை.

லாரி வந்த காலையில் அவள் வாசலுக்கு வந்தபோது பாதிக் கட்டுகள் ஏறியிருந்தன, மீதி வாசலில் கிடந்தன. மனசு கேட்காமல் ஒரு கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி முகர்ந்தாள். வெனிலா, கொஞ்சம் பாதாம். புளிப்பு எங்கே? பக்க முனையை இப்படியும் அப்படியும் மடித்தாள். ஒடியவில்லை. இன்னொரு புத்தகம், அதுவும் அப்படித்தான். இந்த மடிப்பை முன்பே மடித்துப் பார்ப்பதற்கு என்ன கேடு வந்தது அம்மணிக்கு? எண்ணைப் பார்த்ததும் மூக்கையும் விரலையும் மறந்துபோனாள், அவ்வளவுதான்.

வடக்கு அறைக்கு ஓடினாள். ஒரு புத்தகம்கூட இல்லை. புளிப்பு மட்டும் போகாமல் அப்படியே நின்றது.

குழாயைக் கட்டிய கயிறு இன்னும் மூலையில் நின்ற இரும்பு அலமாரியின் கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்தது. புத்தக அடுக்குகளில் எதையும் கட்டக் கூடாது, தாளுக்கு ஆகாது என்பது அவளே போட்ட சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் குழாயை அலமாரியில் கட்டியிருந்தாள். அலமாரிக்குள் இருந்தவை ஃபிலிம் பிரதிகள்.

"லாரியை நிறுத்துங்க!" என்று வாசலுக்கு வந்து கத்தினாள்.

லாரிக்குப் பக்கத்தில் நின்ற அத்தான் முறைத்தார். "நீதானேம்மா எழுதிக் கொடுத்தே?"

"நான்தான். தப்பா எழுதிட்டேன். புத்தகம் நல்லாத்தான் இருக்கு சார். சாவியைக் கொடுங்க."

"எந்தச் சாவி?"

"ஃபிலிம் அலமாரி சாவி. உங்க இடுப்புலதானே தொங்குது?"

"அதை யாரும் தொடக் கூடாதுன்னு..."

"தொடாமலே வச்சதுதான் வினை. கொடுங்க அத்தான்."

வடக்கு அறையில் அலமாரிக் கதவு திறந்ததும் இருவருக்கும் கண் எரிந்தது. ஃபிலிமும் நாரிலிருந்து செய்ததுதான். அது கெட்டால் வினிகரைக் கக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். அவள் ஒரு டப்பாவைத் திறந்தாள். சுருள் சுருங்கி, காய்ந்த பழத்தோல் மாதிரி நெளிந்திருந்தது.

அத்தான் டப்பாவின் மேலிருந்த பெயரைப் படித்தார். அடுத்த டப்பாவையும் எடுத்துப் படித்தார். அவை தெற்கு அறைப் புத்தகங்களின் பிரதிகள். போன வருஷம் அந்த அறை முழுவதையும் கூழாக்க அனுப்பியவர் அவர்தான்.

"இதுக்கு வேற பிரதி?" என்று அவள் கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் டப்பாவை மூடினாள்.

"எல்லாமே போயிடல. குளிர்ல வச்சா கெடுறது மெதுவாகும். மிச்சத்தைப் படம் எடுத்துடலாம், என்னால முடியும். ஆனா இன்னைக்கே ஆரம்பிக்கணும்."

அத்தான் வாசலுக்குப் போய், கட்டுகளை ஒன்றுவிடாமல் இறக்கச் சொன்னார். பிறகு அலமாரியை லாரியில் ஏற்றி, குளிர்பதனக் கிடங்குக்குப் போகச் சொன்னார்.

"சார், முன்னாடி உட்காருங்க" என்றார் டிரைவர்.

அவர் காதில் விழவில்லை. வேட்டியோ சட்டையோ அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் பின்பக்கம் ஏறினார். லாரி நகர்ந்தபோது, அலமாரி ஆடாமல் இருக்க அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.